போர்க்கள மருத்துவமனையின் அன்றாடம்: எல்லன் லா மோட், மேரி போர்டன் எழுத்துகளில் பணியும் உடந்தையும்

ஆய்வுச் சுருக்கம்

முதல் உலகப்போரின்போது பெல்ஜியப் போர்முனைக்குப் பின்னே இயங்கிய பிரெஞ்சு இராணுவ மருத்துவமனை ஒன்றில் எல்லன் லா மோட், மேரி போர்டன் என்னும் அமெரிக்கப் பெண்கள் இருவர் பணியாற்றினர். லா மோட்டின் 'தி பேக்வாஷ் ஆஃப் வார்' (1916), போர்டனின் 'தி ஃபர்பிடன் ஸோன்' (1929) ஆகிய நூல்கள் போர்க்கள மருத்துவமனைப் பணியாளரின் அன்றாட வாழ்வைப் பொருளாகக் கொண்டவை. இவை பெரும்பாலும் போரின் கொடுமைக்கான சாட்சியங்களாகவே வாசிக்கப்படுகின்றன. கட்டு மாற்றுதல், நோயாளரைத் தரம்பிரித்தல், இரவுக்காவல் முதலிய வழக்கமான வேலைகளே இந்நூல்களின் அறச்சிக்கலைத் தாங்கி நிற்கின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. தற்கொலைக்கு முயன்று பிழைத்த படைவீரனை இருவரும் எழுதியுள்ள முறையை ஒப்பிட்டு, பணியைத் தொடர்தல், பணியை நிறுத்துதல் என்னும் இரு நிலைப்பாடுகளும் உடந்தையிலிருந்து பணியாளரை விடுவிப்பதில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: போர் இலக்கியம், போர்க்கள மருத்துவமனை, செவிலியர் எழுத்து, எல்லன் லா மோட், மேரி போர்டன், அன்றாடம், வஞ்சப்புகழ்ச்சி, உடந்தை.

முன்னுரை

போர் இலக்கியம் என்றதும் படிப்போர் மனத்தில் முதலில் எழுவது போர்க்களம். பதுங்குகுழி, தாக்குதல், தோழனின் சாவு, திரும்பி வருதல் ஆகியன அவ்விலக்கியத்தின் வழக்கமான நிகழ்ச்சிக் கூறுகள். போர்க்களத்துக்குச் சில கிலோமீட்டர் பின்னே, தாக்குதல் ஓய்ந்த பிறகு பணி தொடங்கும் இடம் ஒன்று உண்டு. அங்கு நடப்பதை நிகழ்ச்சி என்பதைவிட வேலை என்பதே பொருந்தும். புண்ணைக் கழுவுதல், கட்டு மாற்றுதல், வெந்நீர்க் குப்பிகளை நிரப்புதல், படுக்கையைக் காலிசெய்தல், அடுத்தவனைக் கிடத்துதல் என அவ்வேலை நாள்தோறும் திரும்பத் திரும்ப நடக்கிறது. நிகழ்ச்சியைக் கதையாக்குதல் எளிது. திரும்ப நிகழ்வதைக் கதையாக்குவதற்கு வேறொரு வடிவம் வேண்டும். லா மோட்டும் போர்டனும் தொடர்ச்சியான நாவலையோ தன்வரலாற்றையோ தேர்ந்துகொள்ளாமல் சிறு சித்திரங்களைத் தேர்ந்துகொண்டமைக்கான காரணத்தை இங்கேதான் தேட வேண்டும்.

இவ்விரு நூல்களும் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. மார்கரெட் ஹிகானெட் இரண்டிலிருந்தும் எழுத்துகளைத் தொகுத்து 2001இல் ஒரே நூலாக வெளியிட்ட பிறகு இவை இணைத்துப் படிக்கப்படலாயின. முதல் உலகப்போர் இலக்கியத்தில் தொடுவுணர்வின் இடத்தை 2005இல் வெளிவந்த நூலில் ஆராய்ந்த சாந்தனு தாஸ், செவிலியர் எழுத்துகளில் பரிவின் இயலாமை வெளிப்படுவதைச் சுட்டினார். தொட்டு ஆற்றும் கை, தொடப்படுபவனின் வலிக்குள் நுழைய முடியாமல் நின்றுவிடுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். இக்கட்டுரை அவ்வாதத்தை ஏற்று, அதற்கு அடுத்த வினாவை எழுப்புகிறது. பரிவு இயலாதபோதும் பணி நின்றுவிடுவதில்லை. பரிவின்றியும் நடக்கக்கூடிய அப்பணி யாருக்காக நடக்கிறது என்பதே அவ்வினா.

நூல்களின் பின்புலம்

சிகாகோவில் 1886இல் பிறந்த மேரி போர்டன் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்தவர். போர் தொடங்கியதும் தம் சொந்தப் பணத்தில் போர்க்கள மருத்துவமனை ஒன்றை அமைத்துத்தரப் பிரெஞ்சு இராணுவத்திடம் முன்வந்தார். அவ்வாறு 1915இல் பெல்ஜியத்தின் ரூஸ்ப்ரூக் என்னும் ஊரில் உருவானதே 'முதலாம் எண் நடமாடும் அறுவை மருத்துவமனை'. மருத்துவர்களும் ஆர்டர்லிகளும் பிரெஞ்சு இராணுவத்தினர். செவிலியர் பல நாட்டினர். செவிலியர் பணியை நடத்தும் தலைமைப் பொறுப்பு போர்டனுடையது. பின்னர் அவர் சோம் போர்முனைப் பகுதியிலும் மருத்துவமனை நடத்தினார். 1873இல் பிறந்த எல்லன் லா மோட், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பயிற்சி பெற்ற தொழில்முறைச் செவிலி. காசநோய்ப் பணியில் நீண்ட பட்டறிவு உடையவர். 1915இல் போர்டனின் மருத்துவமனையில் பணிக்குச் சேர்ந்தார். ஒருவர் நிறுவியவர், மற்றவர் அவரிடம் பணிபுரிந்தவர் என்னும் இவ்வேறுபாடு பின்வரும் வாசிப்புக்கு இன்றியமையாதது.

பதின்மூன்று சித்திரங்களைக் கொண்ட லா மோட்டின் நூல் போர் நடந்துகொண்டிருந்த 1916ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் வெளிவந்தது. இங்கிலாந்திலும் பிரான்சிலும் அதன் விற்பனை அனுமதிக்கப்படவில்லை. அமெரிக்கா போரில் இறங்கிய மறு ஆண்டு, 1918இல், அங்கும் அது முடக்கப்பட்டது. 1934இல் புதிய சித்திரம் ஒன்றுடன் மறுபதிப்பானது. போர்டனின் நூல் 1929இல், ரெமார்க், ஹெமிங்வே ஆகியோரின் புகழ்பெற்ற போர் நாவல்கள் நூலாக வெளிவந்த அதே ஆண்டில் அச்சேறியது. சித்திரங்களையும் கவிதைகளையும் போர்க்காலத்தில் எழுதியதாகவும் கதைகள் சிலவற்றைப் பிற்காலத்தில் எழுதியதாகவும் அவர் தம் முன்னுரையில் குறிப்பிடுகிறார். ஒன்று போரின் நடுவே எழுந்த குரல். மற்றது போருக்குப் பின்னும் பத்தாண்டுக் காலம் மனத்தில் கிடந்து உருப்பெற்றது.

தலைப்புகளும் கருதத்தக்கவை. முன்னேறிச் செல்லும் பேரலை பின்னே விட்டுச்செல்லும் கலங்கலையும் கசட்டையும் குறிப்பது லா மோட்டின் தலைப்பு. தாக்குதல் நடக்கும் பகுதிக்கு உடனடிப் பின்னே பொதுமக்கள் நுழையத் தடைசெய்யப்பட்ட நிலப்பகுதிக்குப் பிரெஞ்சு இராணுவம் வழங்கிய பெயரே போர்டனின் தலைப்பு. இரண்டு தலைப்புகளும் போர்முனையைச் சுட்டாமல் அதன் பின்புறத்தையே சுட்டுகின்றன.

அன்றாடத்தின் பொருண்மை

இச்சித்திரங்களில் கட்டு மாற்றுதலுக்கு இத்துணை இடம் கிடைப்பதற்கு மருத்துவக் காரணம் உண்டு. ஃபிளாண்டர்ஸ் வயல்கள் தலைமுறை தலைமுறையாக எருவிடப்பட்டவை. குண்டுச்சிதறல் உடலில் பாயும்போது அம்மண்ணையும் சீருடைத் துணித்துணுக்குகளையும் தசைக்குள் இழுத்துச் சென்றது. அதனால் தசையழுகலும் நச்சுவாயுவும் உண்டாகும் 'கேஸ் கேங்க்ரீன்' பரவியது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் கண்டறியப்படாத காலம் அது. அழுகிய தசையை வெட்டி நீக்குதல், புண்ணைத் திறந்தே வைத்தல், கிருமிநாசினிக் கரைசலால் இடைவிடாது கழுவுதல் என்பனவே அன்றைய வழிகள். அலெக்சிஸ் கரெல், ஹென்றி டேகின் ஆகியோர் வகுத்த கழுவுமுறை இப்போரில்தான் நிலைபெற்றது. வயிற்றிலும் மார்பிலும் காயமுற்றோரை நெடுந்தொலைவு கொண்டுசெல்ல இயலாமையால் அறுவைக்கூடம் போர்முனைக்கு அருகில் வர வேண்டியிருந்தது. அறுவை சில மணித்துளிகளில் முடிந்துவிடும். அதன்பின் வாரக்கணக்கில் நீள்வது கட்டுமாற்றும் வேலை. ஆகவே அறுவைக்கூடத்தைவிட வார்டே இந்நூல்களின் மைய இடமாகிறது. மருத்துவரைவிடச் செவிலியே மையப் பார்வையாளர் ஆகிறார்.

இவ்வன்றாடத்துக்கு இரு வேகங்கள் உள்ளன. தாக்குதல் நடக்கும் நாள்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக வரும். மற்ற நாள்களில் எதுவும் நடவாது. போர் என்பது மாதக்கணக்கான சலிப்பும் இடையிடையே கணநேரக் கடும் அச்சமும் என்ற கருத்தை லா மோட் தம் அறிமுகத்தில் எடுத்தாள்கிறார். அவர் நூல் சலிப்பின் பக்கம் நிற்கிறது. வேலை குறைந்த நாள்களில் பணியாளர் ஒருவரையொருவர் கவனிக்கின்றனர், பொறாமைப்படுகின்றனர், வம்பு பேசுகின்றனர். 'விமன் அண்ட் வைவ்ஸ்' என்னும் சித்திரத்தில் வீட்டிலுள்ள மனைவியின் நிழற்படத்தைக் காட்டி உருகும் ஆண்கள், போர்முனைப் பகுதியில் கிடைக்கும் பெண்களையும் நாடுகின்றனர். மனைவியருக்கு அப்பகுதியில் நுழைய அனுமதியில்லை. மற்றப் பெண்களுக்குத் தடையில்லை. இராணுவ ஒழுங்கு எதை அனுமதிக்கிறது, எதை விலக்குகிறது என்பதை வம்புப்பேச்சின் தளத்திலிருந்தே அச்சித்திரம் வெளிக்கொணர்கிறது.

போர்டனின் நூலோ வேகத்தின் பக்கம் நிற்கிறது. அவருடைய 'இன் தி ஆப்பரேட்டிங் ரூம்' உரையாடல் வடிவில் அமைந்தது. ஒரே அறையில் மூன்று அறுவைகள் நடக்கின்றன. மருத்துவரின் ஆணை, நோயாளியின் தாகம், போர்முனைச் செய்தி, வழக்கமான பேச்சு ஆகிய யாவும் நாடகக் கூற்றுகளாக ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எக்கூற்று முதன்மையானது, எது இடைப்பிறவரல் எனக் காட்டும் கதைசொல்லி அங்கில்லை. எல்லாக் கூற்றுகளும் ஒரே தட்டில் வைக்கப்படுதலே அன்றாடத்தின் இயல்பு என்பதை வடிவத்தாலேயே அப்பகுதி உணர்த்துகிறது.

லா மோட்: அதிகாரத்தின் சொற்களைக் கொண்டுகூறல்

லா மோட்டின் நடை வறண்டது, சுருக்கமானது. 2019இல் இந்நூலைப் பதிப்பித்த சிந்தியா வாக்டெல் இந்நடையை ஹெமிங்வேயின் நடையோடு ஒப்பிட்டார். ஆயின் சொற்செட்டு மட்டுமே லா மோட்டின் தனித்தன்மை ஆகாது. அதிகாரத்தின் சொற்களைத் தம் சொற்களைப் போலவே எடுத்துக்கூறி, அவை தாமாகவே சிதைந்துபோகுமாறு செய்வது அவர் உத்தி. தமிழ் அணியிலக்கணத்தின் வஞ்சப்புகழ்ச்சியை இது நினைவூட்டுகிறது. புகழ்வது போலப் பழித்தல், பழிப்பது போலப் புகழ்தல் ஆகிய இரண்டையும் அவர் கையாள்கிறார்.

நூலின் முதற்சித்திரமான 'ஹீரோஸ்' இதற்குத் தக்க சான்று. பொறுக்கவியலாத நிலையில் படைவீரன் ஒருவன் தன் வாய்க்குள் கைத்துப்பாக்கியால் சுட்டுக்கொள்கிறான். ஒரு கண் போகிறது, உயிர் போகவில்லை. அவனைக் காப்பாற்றியாக வேண்டும். காப்பாற்றிய பின் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்திச் சுட்டுக்கொல்ல வேண்டும். அவன் மயக்கமருந்தை எதிர்த்துப் போராடுகிறான், வசைபாடுகிறான், தலைமைப் பொறுப்பாளரான பெண்ணின் தூய வெள்ளைச் சீருடையின்மீது இரத்தத்தைத் துப்புகிறான். அவர் யார் என்பதை எடுத்துச்சொல்லிக் கவனமாக இருக்குமாறு கூறிய பின்னரும், எஞ்சிய ஒற்றைக் கண்ணால் நோக்கிக் குறிபார்த்து மீண்டும் துப்புகிறான். கதைசொல்லி அவ்விரத்தத்தைக் கோழையின் இரத்தம் என்கிறார். அது கதைசொல்லியின் தீர்ப்பன்று. வார்டின் தீர்ப்பு, இராணுவத்தின் தீர்ப்பு. ஆனால் மேற்கோள்குறியோ 'என்றனர்' என்ற சொல்லோ இன்றி அது கதைசொல்லியின் வாயில் வைக்கப்படுகிறது. படிப்பவர் ஒரு கணம் அதை ஏற்று, மறுகணம் திடுக்கிட்டு விலகுகிறார். அந்த ஒரு கண ஏற்பையே லா மோட் படிப்பவருக்கு எதிரான சான்றாக்குகிறார்.

அவ்வார்டில் படுத்திருக்கும் 'வீரர்'களும் புகழ்ச்சிக்குரியோராகக் காட்டப்படவில்லை. ஒருவன் புண்ணின் நாற்றத்தை மற்றவன் வெறுக்கிறான். ஒருவன் ஓயாமல் இழிந்த வேடிக்கை பேசுகிறான். இவர்கள் கட்டாயப் படைச்சேர்ப்பில் வந்தோர். இரவுச் செவிலி விளக்கொளியில் கட்டு மாற்றிக்கொண்டே எண்ணமிடுகிறாள்: இவர்களைக் குணப்படுத்திப் பதுங்குகுழிக்குத் திருப்பி அனுப்புவதற்கும், அவனைக் குணப்படுத்திச் சுடுவோர் வரிசைக்கு முன் அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடு யாது? வேறுபாடு உண்டு, அது இலட்சியத்தில் இருக்கிறது என அவள் தன்னைத் தேற்றிக்கொள்ள முயல்கிறாள். அந்த விடையைச் சித்திரம் மறுக்கவில்லை. அதை நிறுவுவதற்கான சான்று எதையும் தராமல் விட்டுவிடுகிறது, அவ்வளவே.

விழுப்புண்ணைப் பெருமையாகக் கொள்ளும் மரபு எந்தப் போர்ச் சமூகத்துக்கும் பொதுவானது. அம்மரபின் நவீன வடிவமான பதக்கத்தை லா மோட் மீண்டும் மீண்டும் சித்திரங்களுக்குள் கொண்டுவருகிறார். 'எ சைட்டேஷன்' என்னும் சித்திரத்தில், தண்டனைப் படைப்பிரிவைச் சேர்ந்த கிராமோன் பதக்கத்தை விரும்பிக் காத்துக் கிடக்கிறான். தளபதி பதக்கத்தோடு வருவதற்கு இருபது மணித்துளிகள் முன்பு இறந்துபோகிறான். நெடுநல்வாடையில் பாண்டியன் வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் பாசறையில் புண்பட்டோரை ஒவ்வொருவராகக் கண்டுவருவதை அறிந்த தமிழ் வாசகருக்கு இத்தளபதியின் வருகை வேறொரு பொருளையும் தரும். அங்கு அரசன் இரவெல்லாம் துயிலாது செல்கிறான், அவ்வருகையே ஆறுதல். இங்குத் தளபதியின் வருகை கால அட்டவணைக்கு உட்பட்ட மற்றொரு மருத்துவமனை வேலை.

பணியாளரின் படிநிலையையும் லா மோட் மறைப்பதில்லை. 'லா பாத்ரி ரெகொனெசான்' சித்திரத்தின் மாரியுஸ் பாரிசில் டாக்சி ஓட்டியவன். வயிற்றுக் காயத்தால் அழுகிச் சாகும் அவன் ஆர்டர்லிகளைப் பார்த்து, போர்முனையைத் தவிர்த்துப் பாதுகாப்பான வேலையில் ஒளிந்துகொண்டவர்கள் என மூன்று நாள் கத்துகிறான். அவ்வசை வார்டு முழுவதிலும் அமைதியைக் குலைக்கிறது. ஏனெனில் அங்குள்ள எல்லாரும் அறிந்தும் வாய்திறவாத உண்மையை அவன் சொல்கிறான். போர்முனையிலிருந்து தப்பித்தவர் போர்முனைக்கு ஆள் திருத்தி அனுப்பும் இடம் அது. 'அலோன்' சித்திரத்தில் தசையழுகலால் இறக்கும் ரோஷாரைச் சுற்றிக் கவனிப்போர் பலர் உள்ளனர், அன்புசெய்வோர் ஒருவருமில்லை. பணி குறைவின்றி நடக்கிறது. அதில் குறைவின்மையே குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது.

போர்டன்: செப்பனிடும் கை

போர்டனிடம் வஞ்சப்புகழ்ச்சி இல்லை. அவர் வெளியே நின்று பார்ப்பவரல்லர், ஏற்பாட்டைச் செய்தவர். ஆகவே அவர் எழுத்து குற்றச்சாட்டாகத் தொடங்காமல் ஒப்புதலாகத் தொடங்குகிறது. 'கான்ஸ்பிரசி' என்னும் குறுஞ்சித்திரம் எல்லாம் செவ்வனே ஏற்பாடு செய்யப்பட்டிருப்பதைக் கூறுகிறது. துணி கிழிந்தால் சலவைக்கு அனுப்பித் தைத்துத் திரும்பப் பெறுவதைப் போல மனிதர்கள் இங்கு அனுப்பப்படுகின்றனர். தைத்துத் திருப்பி அனுப்பப்படுகின்றனர். தாங்கும்வரை இது நடக்கும், தாங்காதபோது எறியப்படுவர். கிழிபடும் இடம் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இங்கு ஊசியும் நூலும் கத்தரியும் மேசையும் தயாராக உள்ளன.

இவ்வுவமை இல்லப்பணியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது கவனத்துக்குரியது. துவைத்தல், தைத்தல், மடித்துவைத்தல் ஆகியன பெண்ணின் அன்புப் பணிகளாகப் போற்றப்பட்டவை. செவிலிப் பணியும் அவ்வன்பின் நீட்சியாகவே போர்க்காலப் பரப்புரையில் சித்திரிக்கப்பட்டது. போர்டன் அந்த உவமையை மறுக்காமல் அதன் முடிவுவரை கொண்டுசெல்கிறார். தைத்த துணி மீண்டும் உடுத்தப்படும் என்பதே தைத்தலின் நோக்கம். அந்நோக்கத்தை ஒதுக்கிவிட்டுத் தையலை மட்டும் அன்பு எனக் கொள்ள இயலாது. இறப்பதற்கான மனிதனின் உரிமைக்கு எதிராகத் தாங்கள் சதி செய்வதாக அப்பகுதியின் 'நாங்கள்' கூறுகிறது. தலைப்பிலுள்ள சதி என்னும் சொல் எதிரியையோ அரசையோ சுட்டவில்லை. மருத்துவமனைப் பணியாளரையே சுட்டுகிறது.

'மூன்லைட்' அப்பணியாளருக்குள் நிகழும் மாற்றத்தைப் பதிவுசெய்கிறது. பீரங்கி ஒலி தாலாட்டாகிவிட்டது. அது நின்றால் உறக்கம் வராது. நோயாளிகள் ஆண்களாகத் தெரிவதில்லை. தலைகளாகவும் முழங்கால்களாகவும் துளைபட்ட மார்புகளாகவும் தெரிகின்றனர். அதனால் செவிலியும் பெண்ணாக இருக்க வேண்டியதில்லை. எதிரே செல்லும் மற்றொரு செவிலி ஏற்கெனவே இறந்தவள், தன்னைப் போலவே. இதை வெறும் மனச்சோர்வு என ஒதுக்கலாகாது. வேலை நடப்பதற்கு இவ்விறப்பு தேவைப்படுகிறது. நோயாளிக்கு ஈதர் எதுவோ அதுவே பணியாளருக்கு அன்றாடம். உணர்ச்சி மரத்தால்தான் கை நடுங்காது.

'பிளைண்ட்' என்னும் கதையில் இது மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது. கதைசொல்லியின் வேலை ஆம்புலன்சில் வந்திறங்குவோரைத் தரம்பிரித்தல். இறந்துகொண்டிருப்பவன் யார், இறக்கும் நிலைக்கு அருகிலிருப்பவன் யார் என அறிந்து, அறுவைக்கூடம் சேரும்வரை உயிரைப் பிடித்துவைத்தல். அவள் கை ஒருவகைக் குளிருக்கும் மற்றொருவகைக் குளிருக்கும் உள்ள வேறுபாட்டைத் தானாகவே அறிகிறது. சாந்தனு தாஸ் முதன்மைப்படுத்தும் தொடுகை இங்கு ஒரு கருவி. வெப்பமானியைப் போல அது அளக்கிறது. கதைசொல்லி வேகமாக இயங்குகிறாள், அவ்வியக்கத்தில் ஒருவகைக் கிளர்ச்சியையும் அடைகிறாள். திறமை தரும் மகிழ்ச்சியை மறைக்காது எழுதியிருப்பது இக்கதையின் நேர்மை.

அப்போது நடையில் ஒரு பிளவு நேர்கிறது. தன்மையில் சென்றுகொண்டிருந்த கதை, 'அந்தப் பெண்' எனத் தன்னையே படர்க்கையில் பார்க்கிறது. கால்கள் எரிய, மேலாடை இரத்தம் தெறித்திருக்க, மாயத்தில் கட்டுண்டவள்போல அவள் சிதைந்த உடல்களிடையே இயங்குவதை எழுதுபவள் தொலைவிலிருந்து காண்கிறாள். இறுதியில், ஓரிடத்தில் கிடத்தப்பட்டு மறக்கப்பட்ட கண்ணிழந்த வீரன் ஒருவன், அவள் தன்னைத் தனியே விட்டுப் போய்விட்டதாக எண்ணியதைச் சொல்கிறான். குற்றம் சாட்டும் குரலன்று அது. அக்கணத்தில் அவள் விழிக்கிறாள். ஓடித் திரைக்குப் பின் ஒளிந்து அழுகிறாள். நூற்றுக்கணக்கான உடல்கள் செய்யாததை ஒரு குரல் செய்கிறது. தரம்பிரிக்கும் முறையில் அவனுக்கு இடமில்லை. அவன் உடனே சாகப்போவதில்லை, உடனடி அறுவையும் வேண்டியதில்லை. அவனுக்கு வேண்டியது உடன் ஒருவர் இருத்தல். அன்றாடத்தின் கணக்கில் வராத ஒரே தேவை அதுவே.

ஒரே வகை நோயாளி, இரு முடிவுகள்

லா மோட்டின் 'ஹீரோஸ்' சித்திரத்தையும் போர்டனின் 'ரோசா' கதையையும் இணைத்துப் படிக்கும்போது இவ்விருவரின் வேறுபாடு தெளிவாகிறது. 'ரோசா'விலும் படைவீரன் ஒருவன் தன் வாய்க்குள் சுட்டுக்கொண்டு பிழைத்து வருகிறான். ஸ்ட்ரெச்சருக்குள் அடங்காத பேருடல். அவன் உச்சரிப்பது 'ரோசா' என்ற ஒரு பெயரை மட்டுமே. அப்பெயரே வார்டில் அவன் பெயராகிவிடுகிறது. இவனும் குணமானால் இராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட வேண்டியவன். அவனுக்காகத் தளபதியிடம் கதைசொல்லி பேசியும் பயனில்லை. அவன் தன் தலைக்கட்டைத் தானே பிய்த்தெறிகிறான். ஒவ்வொரு முறையும் செவிலியர் மீண்டும் கட்டுகின்றனர். ஒரு மாலையில், அன்றிரவு அவன் கட்டை அவிழ்த்தால் அப்படியே விட்டுவிடுமாறு கதைசொல்லி இரவுச் செவிலியிடம் கூறுகிறாள். நன்கு பயிற்சி பெற்ற அச்செவிலி ஒரு கணம் தயங்கி இசைகிறாள். அவன் இறக்கிறான்.

'ஹீரோஸ்' சித்திரத்தில் இரத்தம் படிந்த வெள்ளைச் சீருடை அணிந்தவர் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பாளர். லா மோட் பணியாற்றிய இடத்தில் அப்பொறுப்பை வகித்தவர் போர்டன். பாத்திரத்தை நேரடியாக அவராகவே கொள்வது புனைவை ஆவணமாக்கும் பிழையாகும். எனினும் ஒரே பதவியை இருவரும் எங்கு நின்று காண்கின்றனர் என்பது பொருளுடையது. லா மோட்டின் சித்திரத்தில் அப்பதவிக்குரியவர் பேசுவதில்லை, கறைபடுகிறார். போர்டனின் கதையில் அதே பதவிக்குரியவரே கதைசொல்லி. ஆணையிடும் அதிகாரம் அவரிடம் உள்ளது. லா மோட்டின் இரவுச் செவிலி சிந்திக்கிறாள், கட்டு மாற்றுவதை நிறுத்துவதில்லை. நிறுத்தும் அதிகாரம் அவளுக்கில்லை. போர்டனின் கதைசொல்லிக்கு அது உண்டு. அதை அவள் பயன்படுத்துகிறாள்.

இதைக் கருணைக்கொலையின் துணிவு எனப் பாராட்டுவது எளிது. கதை அவ்வாறு பாராட்ட இடம் தரவில்லை. முதலாவதாக, மீறல் என்று சொல்லப்படுவது ஒரு செயலன்று. வழக்கமான செயல் ஒன்றைச் செய்யாமை. கட்டு கட்டப்படவில்லை, அவ்வளவே. அன்றாடம் எவ்வளவு வலிமையானது என்றால், அதில் ஒரு சிறு இடைவெளி விட்டாலே ஓர் உயிர் போய்விடுகிறது. இரண்டாவதாக, கதைசொல்லி தானே அதைச் செய்யவில்லை. இரவுப்பணியில் இருக்கும் மற்றொருத்தியிடம் சொல்கிறாள். ஆணை மேலிருந்து கீழாகச் செல்கிறது, கை வேறொருவருடையது. இராணுவம் இயங்கும் முறையும் இதுவே. தளபதியின் தண்டனையிலிருந்து ஒருவனை மீட்பதற்குக் கதைசொல்லி கையாள்வது தளபதியின் வழிமுறையைத்தான். மூன்றாவதாக, வார்டின் மற்றப் படுக்கைகளில் வேலை வழக்கம்போல் தொடர்கிறது. அங்கு குணமாவோர் மீண்டும் போர்முனைக்குச் செல்வர். ஒருவனுக்குக் காட்டிய விலக்கு விதியை உடைக்கவில்லை.

காயமுற்றோரும் அவர்களைப் பேணுவோரும் போருக்கு அப்பாற்பட்டவர்கள் என்னும் கோட்பாட்டை 1864ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை நிறுவியது. 1906இல் அது திருத்தி விரிவாக்கப்பட்டது. செஞ்சிலுவைக் குறி அக்கோட்பாட்டின் அடையாளம். தாக்கப்படாதிருத்தல் என்ற பொருளில் அது மருத்துவமனையைப் போருக்கு வெளியே நிறுத்துகிறது. ஆயின் செய்யும் வேலையின் பயன் என்ற பொருளில் மருத்துவமனை போருக்கு உள்ளேயே இருக்கிறது. இவ்விரு பொருள்களுக்கும் இடையிலுள்ள விரிசலில்தான் லா மோட்டின் செவிலியும் போர்டனின் கதைசொல்லியும் நிற்கின்றனர்.

சொல்லப்படாதோர்

இவ்விரு நூல்களுக்கும் வரம்புகள் உண்டு. ஆர்டர்லிகளின் அகம் இரண்டிலும் போதிய இடம் பெறவில்லை. லா மோட்டில் அவர்கள் பெரும்பாலும் வசைக்கும் ஏளனத்துக்கும் உரியோர்; போர்டனில் தூக்கிச் செல்லும் தோள்கள். இருவரும் ஆங்கிலம் பேசும் அயல்நாட்டுப் பெண்கள். பிரெஞ்சு உழவர்களும் தொழிலாளரும் அடங்கிய படையின் பேச்சை அவர்கள் தம் மொழிக்குப் பெயர்த்தே தருகின்றனர். போர்நிலத்துக்கு உரிய உள்ளூர் மக்கள் விளிம்பில்தான் வருகின்றனர். 'எ பெல்ஜியன் சிவிலியன்' சித்திரத்தில் வயிற்றில் காயமுற்ற பத்து வயதுச் சிறுவன் இராணுவப் படுக்கை ஒன்றை நிரப்பிக்கொண்டிருப்பது தொல்லையாகக் கருதப்படுகிறது. அவன் தாயோ தன் கடையை விட்டுவந்து தங்க விரும்பாதவளாகக் காட்டப்படுகிறாள். அத்தாயின் வாழ்வு அச்சித்திரத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. அவள் கடையே அவளுக்கு எஞ்சிய வாழ்வாதாரமாக இருக்கலாம் என்னும் எண்ணத்துக்கு லா மோட்டின் கூர்மையான ஏளனம் இடம் தருவதில்லை. வெளியே நின்று பார்க்கும் கண்ணுக்கு இது ஒரு விலை. போர்டனின் உள்ளிருந்து பேசும் 'நாங்கள்' செலுத்தும் விலை வேறு. அது எல்லாப் பணியாளரையும் ஒரே குற்றத்தில் இணைத்து, ஆணையிட்டவருக்கும் கீழ்ப்படிந்தவருக்கும் உள்ள வேறுபாட்டை மங்கச்செய்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. லா மோட், போர்டன் ஆகியோரின் சித்திர வடிவம் முழுமைபெறாத நாவலின் துண்டுகளன்று. திரும்பத் திரும்ப நிகழும் வேலையை எழுதுவதற்கென்றே அமைந்த வடிவம். கொடுமையான காட்சிகள் இரு நூல்களிலும் உண்டு என்றபோதும், அவற்றின் அறச்சிக்கல் காட்சியில் இல்லை. கட்டு மாற்றுதல், தரம்பிரித்தல், படுக்கை ஒதுக்குதல் ஆகிய வழக்கச் செயல்களில் உள்ளது. லா மோட் அதிகாரத்தின் சொற்களைக் கொண்டுகூறி அவற்றின் வெறுமையை வெளிப்படுத்துகிறார். போர்டன் அன்புப் பணியின் உவமைகளை அவற்றின் தருக்க முடிவுவரை கொண்டுசென்று அவற்றுள் மறைந்த சதியைக் காட்டுகிறார். தற்கொலைக்கு முயன்ற வீரனைப் பேணுவதை ஒரு செவிலி தொடர்கிறாள். மற்றொருத்தி நிறுத்தச் சொல்கிறாள். தொடர்ந்தவளுக்கு நற்சான்றோ நிறுத்தியவளுக்கு விடுதலையோ இந்நூல்கள் வழங்கவில்லை.

போர்க்கால மருத்துவப் பணியாளர் எழுத்துகளைத் தியாகத்தின் பதிவுகளாகவோ கொடுமையின் சாட்சியங்களாகவோ மட்டும் வகைப்படுத்தும் வாசிப்பு இதனால் போதாததாகிறது. ஒரு நாளின் வேலைப்பட்டியலை, யார் யாரிடம் என்ன சொன்னார், எவர் கை அதைச் செய்தது, செய்யாமல் விடப்பட்டது எது என்ற வினாக்களோடு படிக்கும் முறையை இந்நூல்கள் கற்பிக்கின்றன. பிற போர்களில் எழுந்த மருத்துவப் பணியாளர் குறிப்புகளுக்கும் தன்வரலாறுகளுக்கும் அம்முறையைப் பொருத்திப் பார்ப்பது மேலும் செய்யத்தக்க ஆய்வாகும்.